கியர்பாக்ஸை இறக்கும் முன்

ஆட்டோமேட்டிக் வண்டி ஒரே கியரில் நின்றுகொண்டு மேல் கியருக்கு மாற மறுத்தால், பட்டறைகளில் உடனே வரும் பேச்சு "கியர்பாக்ஸை இறக்கணும்." கியர்பாக்ஸில் சுழலும் வேகத்தை அளக்கும் ஸ்பீடு சென்சார் இரண்டையும் பார்க்காமல் அப்படிச் சொல்வது வண்டிக்காரருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஒரு சென்சார், எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குள் வரும் ஷாஃப்டின் வேகத்தைப் பார்க்கிறது. மற்றது வெளியே போகும் ஷாஃப்டைப் பார்க்கிறது. நிமிடத்துக்கு உள்ளே 3000, வெளியே 2000 சுற்று என்றால் விகிதம் 1.5. போட்டிருக்கும் கியருக்கு உரிய விகிதமும் அதுவேயானால் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் நன்றாகப் பிடித்திருக்கிறது. வெளியே அதே 2000 இருக்க, உள்ளே 3400 ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது. அப்போது வண்டியின் கம்ப்யூட்டர் காட்டுவது பி0730 (கியர் விகிதம் தவறு) போன்ற பிழைக் குறியீடு. அதைப் பார்த்துச் சென்சாரை மாற்றுகிறவர்கள் உண்டு. பாவம், அந்தச் சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லியிருக்கும். உள்வேகச் சென்சாருக்கான பி0715, வெளிவேகச் சென்சாருக்கான பி0720 போன்றவை வந்தால்தான் முதலில் சென்சார், வயரிங் பக்கம் போகவேண்டும்.

"கியர்பாக்ஸ் போச்சுன்னு சொல்லிட்டாங்கண்ணே" என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். கையில் பெரிய தொகைக்கு எஸ்டிமேட். காலையில் நன்றாக ஓடுமாம், சூடேறினால் மூன்றாவது கியரிலேயே நிற்குமாம். ஸ்கேனரை மாட்டி ஓட்டிப் பார்த்தேன். வேகம் சீராக இருக்கும்போதே உள்வேகம் திடீரென்று பூஜ்யம், அடுத்த நொடி பழையபடி. கியரில் ஓடும் வண்டியில் அந்த ஷாஃப்ட் அப்படி நின்று கிளம்ப வழியே இல்லை. ஆக, பொய் சிக்னலில்தான். அதை நம்ப முடியாத கம்ப்யூட்டர், பாதுகாப்புக்காக வண்டியை ஒரே கியரில் பிடித்து வைத்துவிடுகிறது.

அது இரண்டு வயர் வரும் காந்தக் காயில் வகை. பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது காயிலில் சிறு மின்னழுத்தம் எழும். நாற்பது பல், 1500 சுற்று என்றால் நொடிக்கு 1000 துடிப்பு. ஆறியிருக்கையில் மல்டிமீட்டர் காயிலின் மின்தடையை (ஓம்) சரியாகக் காட்டியது. வண்டியை நன்றாகச் சூடேற்றி அளந்தால் ஓப்பன், அதாவது மின்பாதை அறுந்திருந்தது. காயில் கம்பி உள்ளே விட்டிருந்தது, சூட்டில் விரிந்ததும் பிரிந்துவிடும். சென்சாரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க நிறைவாக இருந்தது.

காந்தப்புலத்தை உணரும் சிப் உள்ள, மூன்று வயர் வரும் ஹால் வகைக்கு இந்த ஓம் சோதனை உதவாது. சப்ளை, எர்த் பார்த்துவிட்டு சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் ஸ்கோப்பில் சதுர அலையைப் பார்க்கவேண்டும்.

கழற்றிய சென்சாரின் காந்த முனையைத் துடைக்கும் முன் விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மாவாகப் படிந்திருந்தால் வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் உலோகச் சில்லுகள் ஒட்டியிருந்தால், கியர்பாக்ஸை இறக்கச் சொல்வேன் நானும்.