மொனாக்கோவிலிருந்து வந்த கடல்நீர்

ஜப்பானில், கடல்நீரில் உள்ள சீசியத்தை (அணுகுண்டு வெடிப்பிலும் அணு உலை விபத்திலும் வெளியாகும் கதிரியக்கப் பொருள்) அளக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சர்வதேச அணுசக்தி முகமையின் மொனாக்கோ கடல் ஆய்வகம் நடத்தும் திறன் சோதனைக்கு எங்கள் ஆய்வகம் பெயர் கொடுத்தபோது, அந்த வேலை என் தலையில் விழுந்தது. இதே சோதனைக்குத் தயாராகும் மாணவர்கள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

ஒரே கடல்நீரைப் பல நாட்டு ஆய்வகங்களுக்கும் பிரித்து அனுப்புவார்கள். அதில் எவ்வளவு சீசியம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். நாம் அளந்து, பிழை வரம்போடு எழுதி அனுப்பவேண்டும். அவர்கள் தங்கள் மதிப்போடு ஒப்பிட்டு, ஏற்கத்தக்கதா இல்லையா என்று சொல்வார்கள்.

எங்கள் பெட்டி முதலில் சுங்கத்தில் நின்றுவிட்டது. தாள்களில் 'கதிரியக்கம்' என்ற சொல்லைப் பார்த்ததும் அதைத் தொடவே தயங்கினார்கள். சாதாரணக் கடல்நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 12 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்கப் பொருள் இயற்கையாக உண்டு என்று யாரிடம் போய்ச் சொல்வது? கதிரியக்கக் கட்டுப்பாடுகள் பொருந்தாத அளவுக்கு, அதாவது விலக்கு வரம்புக்குக் கீழே இருக்கிறது என்று ஜப்பானிய மொழியில் கடிதம் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். அந்தக் கடிதத்தை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையின் உயிர் ஒரு மஞ்சள் பொடியில் இருக்கிறது: அம்மோனியம் பாஸ்போமாலிப்டேட். நீரை நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்கி, கதிரியக்கமில்லாத சீசியம் குளோரைடு சிறிது சேர்த்து, பொடியைப் போட்டுக் கலக்கினால் சீசியம் அதில் ஒட்டிக்கொள்ளும். பொட்டாசியம் பெரும்பாலும் தண்ணீரிலேயே தங்கிவிடும். கலக்கிய வாளி மாம்பழச்சாறு போல இருக்கும். மறுநாள் பொடி அடியில் படிந்து, தெளிந்த நீர் மேலே நிற்கும். அந்த நீரைக் குழாய் வைத்து எடுக்கும்போது கை சற்று ஆடினாலும் பொடி மேலே கிளம்பிவிடும். பிறகு இன்னொரு நாள் காத்திருக்கவேண்டியதுதான். வடிகட்டி, உலர்த்தி, எடை போட்டால் போட்ட பொடியில் எவ்வளவு மீண்டது என்று தெரியும். அப்புறம் ஈயச் சுவருக்குள் இருக்கும், காமா கதிரை அளக்கும் ஜெர்மானியம் டிடெக்டரில் வைத்து, வரைபடத்தில் 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் சீசியம்-137இன் உச்சி எழுவதற்கு நாள்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

காத்திருக்கும் நேரத்தில் எங்கள் துறையில் எல்லோரும் சொல்லும் கதை ஜப்பானிய வேதியியலாளர் சருஹாஷி கத்சுகோவுடையது. 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு, கணக்கிட்டதைவிட இரண்டரை மடங்கு பெரிதாக, 15 மெகாடன் அளவுக்கு வெடித்தது. அறிவித்த ஆபத்து எல்லைக்கு வெளியே சூரை பிடித்துக்கொண்டிருந்த 'டைகோ ஃபுகுர்யூ மாரு' படகின் 23 மீனவர்கள்மேல் வெண்சாம்பல் மணிக்கணக்கில் கொட்டியது. படகின் வானொலிக் கருவியை இயக்கிய குபோயாமா ஐகிச்சி செப்டம்பர் 23 அன்று இறந்தார். சாம்பலில் என்ன இருந்தது என்பதை அமெரிக்கா வெளியிடவில்லை. வெளியிட்டால் குண்டின் அமைப்பு தெரிந்துவிடும். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கிமுரா கென்ஜிரோவின் குழு தானே சாம்பலைப் பிரித்து, குண்டின் அமைப்பைக் காட்டிக்கொடுக்கும் யுரேனியம்-237 வரை கண்டுபிடித்தது.

அடுத்த சில ஆண்டுகளில் சருஹாஷியும் அவருடைய வழிகாட்டி மியாகே யாசுவோவும் ஜப்பானை ஒட்டிய கடலில் அளந்த சீசியம், அமெரிக்கர்கள் தங்கள் பக்கம் அளந்ததைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. ஜப்பானியர் அளந்த முறையே தவறு என்று அமெரிக்கத் தரப்பு சந்தேகப்பட்டது. 1962இல் சருஹாஷி கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்துக்குப் போனார். அவரும் தியோடர் ஃபோல்சமும் ஒரே தண்ணீரைத் தத்தம் முறையில் அளந்தார்கள். முடிவுகள் ஒத்துப்போயின, பேச்சு அடங்கியது. 1954 நவம்பரிலேயே டோக்கியோவில் இரு நாட்டு விஞ்ஞானிகளும் மாநாடு கூட்டிப் பேசியிருந்தார்கள். என்னைக் கேட்டால், மாநாட்டைவிட அந்தத் தண்ணீர்தான் அதிகம் சாதித்தது.

எங்கள் முடிவு சில மாதங்கள் கழித்து வந்தது: ஏற்கத்தக்கது. அதை எடுத்துக்கொண்டு, அணு உலை விபத்து நடந்த புகுஷிமாவின் மீனவர்கள் வந்திருந்த ஒரு கூட்டத்துக்குப் போனேன். மீனில் சீசியம் கிலோவுக்கு 100 பெக்கரல் என்று அரசு விதித்திருக்கும் வரம்பில் பாதியை, 50ஐ, தங்களுக்குத் தாங்களே வரம்பாக வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். "உங்கள் கருவியை யார் சோதிக்கிறார்கள்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அறிக்கையை நீட்டினேன். எங்கள் மதிப்பை அவர் பார்க்கவே இல்லை. பங்கேற்ற நாடுகளின் பட்டியலுக்குப் போய், சீனாவும் கொரியாவும் இருக்கின்றனவா என்று விரல் வைத்துத் தேடினார். "எங்கள் மீனை வாங்க மாட்டேன் என்பவர்களும் இதே தண்ணீரை அளந்தார்களா, அதைச் சொல்லுங்கள்" என்றார்.