சுவாமிமலையில் நான்கு படி தூரம்

என் பேத்திக்கு இரண்டரை வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது, பொறுத்திருங்கள் என்றார் மருத்துவர். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுவதும் வீட்டில் நானும் அவளும்தான். வேண்டியதை எல்லாம் விரலால் காட்டுவாள். காலையில் என் கைத்தடியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து மடியில் போடுவாள். வெளியே கூட்டிப்போ என்று அர்த்தம். ஒருநாள் மனம் தாங்காமல், “சுவாமிநாதா, அப்பனுக்கே பாடம் சொன்னவன் நீ. இவள் வாயைத் திறந்துவிடு. இவள் கையைப் பிடித்துக்கொண்டு உன் 60 படியும் ஏறி வருகிறேன்” என்று வேண்டிக்கொண்டேன்.

மூன்று வயதுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. மதியம் கண்ணயர்ந்திருந்த என் கன்னத்தில் ஒரு ஈரக்கை படிந்தது. “தாத்தா, எழு.” நான் எழவில்லை. இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று கண்ணை மூடியபடியே கிடந்தேன். அவள் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். அதற்குள் என் தலையணை நனைந்துவிட்டது.

முழங்கால் வலியால் தள்ளிப்போன நேர்த்திக்கடன், ஒருவழியாக இந்தக் கிருத்திகைக்குக் கூடிவந்தது. வண்டியை விட்டு இறங்கியதுமே ஒருவர் வந்து ஒட்டிக்கொண்டார். குழந்தை இருக்கிறது, வயதானவர் இருக்கிறீர்கள், ஐந்தே நிமிடத்தில் சன்னதியில் நிறுத்துகிறேன் என்று பேரம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேண்டுதலோடு வருகிறவர்களிடமா இப்படிக் காசு பறிப்பது? மருமகள்தான் கைகூப்பி அனுப்பிவைத்தாள்.

கீழே மீனாட்சி சுந்தரேசுவரரைக் கும்பிட்டுவிட்டுப் படியில் கால் வைத்தோம். ஒவ்வொரு படிக்கும் ஒரு தமிழ் வருடம். அறுபதும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து சுற்றும். பிரபவ, விபவ, சுக்ல என்று நான் சொல்லச் சொல்ல அவளும் தன் மழலையில் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு வார்த்தைக்காக நான் ஏங்கிய வாய் அது. இருபது படி தாண்டியதும் முழங்கால் கெஞ்ச ஆரம்பித்தது. பின்னாலிருந்து ஒரே தள்ளல். “ஓரமாகப் போங்கள் பெரியவரே” என்று இடித்துக்கொண்டு போனவர்கள் குழந்தையைக்கூடப் பார்க்கவில்லை. முருகனைப் பார்க்க வருகிற அவசரத்தில் ஒரு குழந்தையை மிதித்துவிடலாமா?

31ஆவது படி ஹேவிளம்பி. 1957இல் நான் பிறந்த வருடம். அங்கே கொஞ்சம் நின்றேன். அவள் பிறந்தது 2021, பிலவ வருடம். அந்தப் படி எங்கே என்று எண்ணிப் பார்த்தேன். விளம்பி, விகாரி, சார்வரி, பிலவ. நான்கே படி! 64 வருடம் முந்திப் பிறந்துவிட்டேனே, இவள் வளர்வதை எவ்வளவு காலம் பார்க்கக் கிடைக்கும் என்று இரவுகளில் புரண்டு படுத்தவன் நான். இங்கே நான்கு படியில் அவளை வைத்திருக்கிறான். என் கையை உதறிவிட்டுத் தத்தித் தத்தி ஏறி, அவள் படியிலேயே திரும்பி நின்றுகொண்டு, “தாத்தா, வா” என்றாள். வலி எங்கே போனதோ, ஏறிவிட்டேன்.

மேலே சன்னதிக்கு எதிரில் மயிலைத் தேடினாள். இங்கே யானையல்லவா நிற்கிறது. அதற்கு ஒரு கும்பிடு. வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தபோது, தடியை மகனிடம் கொடுத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன். தீபாராதனை. அந்த வெளிச்சத்தில் வலக்கையில் தண்டமும் இடக்கை இடுப்பிலுமாக நின்றான் என் அப்பன். சொல்ல வேண்டும் என்று மனத்தில் அடுக்கி வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை. அப்போது அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதுமடலில் உதடு உரச, மெதுவாகச் சொன்னாள்:

“தாத்தா, சாமிக்கும் தடி.”

முருகா! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. யார் பேசினார்கள், யார் கேட்டார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. நகருங்கள், நகருங்கள் என்ற குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. மகன் தோளைப் பிடித்து வெளியே அழைத்து வந்தான். திருநீறு வாங்கினேனா என்பதுகூட நினைவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் சட்டைப்பையில் இருந்தது. அர்ச்சனைக்கு யார் யார் பெயரையோ சொல்ல வேண்டும் என்று வந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாதா? கொடுத்தானே, கேட்டதற்கு மேல் கொடுத்தானே! காலையில் கண் விழித்தால் அவள் முகம், தூங்கும்போது என் விரலைப் பிடித்திருக்கும் அவள் கை. இதற்கு மேல் என்ன கேட்பேன்?

இறங்கும் நேரத்தில் தடியைக் காணோம். திரும்பிப் பார்த்தால், தன்னைவிட உயரமான அந்தத் தடியை வலக்கையில் ஊன்றி, இடக்கையை இடுப்பில் வைத்து, சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்தின் நடுவே, அவளைப் பார்த்து இரு கையையும் தலைக்கு மேல் கூப்பினேன்.