சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு காவடிப் பாட்டு வானொலிக்குப் போனது

டர்பனில் யாராவது சொந்தமாகப் பாட்டுப் போட்டால், நம்மவர்கள் முதலில் விசாரிப்பது "லோட்டஸில் வருமா?" என்றுதான். தென்னாப்பிரிக்கப் பொது ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி. நடத்தும் அந்த வானொலி நிலையம் 1983 முதல் நம் வீடுகளில் ஒலிக்கிறது. வானொலியில் வந்தால்தான் பெரியவர்கள் அதைப் பாட்டு என்றே ஒப்புக்கொள்வார்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள எங்கள் குழு சென்ற ஆண்டு ஒரு காவடிப் பாட்டைப் பதிவுசெய்தது. இசை நிறுவனமோ மேலாளரோ இல்லாமல் அதை எப்படி வானொலிக்குக் கொண்டுபோனீர்கள் என்று பலர் கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் காகித வேலை. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 இடங்கள் கொண்ட அடையாள எண் வேண்டும். இங்கே அதற்கு அணுக வேண்டியது ரைசா என்னும் ஒலிப்பதிவுத் துறை அமைப்பை. பாட்டைச் சுருக்கி இன்னொரு வடிவம் செய்தால் அதற்குத் தனி எண்.

அடுத்தது உரிமைத்தொகை. பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேர வேண்டியதைச் சாம்ரோ என்ற அமைப்பு வசூலிக்கிறது. பாடியவர், வாசித்தவர், ஒலிப்பதிவின் உரிமையாளர் ஆகியோருக்கானது சாம்ப்ரா என்ற வேறோர் அமைப்பு வழியாக வரும். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் பலர் ஒன்றில் மட்டும் சேர்ந்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். எங்கள் தவில்காரர், "பாட்டே என் அடியில்தான் ஓடுகிறது, எழுதியவனுக்கு மட்டும் காசா?" என்று மல்லுக்கு நின்றார். 2002-இல் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து ஒலிபரப்பில் வாசித்தவருக்கும் பங்கு உண்டு என்று விளக்கிய பிறகே அவர் முகம் தெளிந்தது. யாருக்கு எத்தனை விழுக்காடு என்று தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அண்ணன் தம்பியாகப் பழகுகிறோமே, தாள் எதற்கு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாட்டு ஓடாதவரைதான் அண்ணன் தம்பி.

பாட்டின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதிலும் கவனம் வேண்டும். 'ழ'வுக்கு ஒருவர் 'எல்' போடுவார், இன்னொருவர் 'இசட் எச்' போடுவார். படிவத்தில் ஒன்றும் கோப்பில் வேறொன்றும் இருந்தால், ஒலித்த பாட்டு உங்களுடையதுதான் என்று கணக்கில் கண்டுபிடிப்பது கடினம். நாங்கள் ஓர் எழுத்துக்கூட்டை முடிவுசெய்து, சாம்ரோ படிவம் முதல் ஒலிக்கோப்பின் பெயர்வரை அதையே ஒட்டினோம்.

மனதை வருத்தியது பாட்டை வெட்டியதுதான். காவடி கிளம்பும்போது மேளம் சூடேற நேரம் எடுக்கும். எங்கள் பதிவும் அப்படியே எட்டு நிமிடம் ஓடியது. பழக்கமான ஒரு நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கேட்டுவிட்டு, "நன்றாக இருக்கிறது அண்ணா, ஆனால் குரல் வருவதற்குள் கேட்கிறவர் வேறு நிலையத்துக்குப் போய்விடுவாரே" என்றார். மூன்றரை நிமிடத்துக்குள் சுருக்கினோம். தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வினாடி மேளம் மட்டும். அறிவிப்பாளர் அதன்மேல் பேசி முடிக்கவும் குரல் எழவும் சரியாக இருக்கும். தவில்காரர் மறுபடியும் முறைத்தார்.

அனுப்பும்போது பாட்டுடன் ஒரே ஒரு பக்கம் எழுதி வைத்தோம்: யார் நாங்கள், எந்த ஊர், வரிகளின் பொருள் ஆங்கிலத்தில். பாட்டைத் தேர்வு செய்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்தின் தலைப்பிலேயே 'தென்னாப்பிரிக்க இசை' என்று போட்டோம். இது வெறும் பெருமைக்காக அல்ல. இந்நாட்டு நிலையங்கள் உள்நாட்டு இசைக்கு ஒரு பங்கை ஒதுக்கியாக வேண்டும். வரிகள், இசை, பாடுகிறவர்கள் ஆகிய மூன்றில் இரண்டு தென்னாப்பிரிக்கக் குடிமக்களுடையதாக இருந்தாலே அது உள்நாட்டு இசை. எந்த மொழி என்று சட்டம் கேட்பதில்லை. 2016-இல் எஸ்.ஏ.பி.சி. தன் வானொலிகளில் 90 விழுக்காடு உள்நாட்டு இசை என்று அறிவித்தபோது, இந்தியத் திரைப்பாடல்கள் போய்விடுமே என்று நம்மவர்கள் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் சாட்ஸ்வர்த்துப் பிள்ளைகள் பாடும் தமிழும் அந்தத் தொண்ணூறுக்குள் அடங்கும் என்று அன்று எத்தனை பேர் பேசினோம்?

ஒரு நிலையத்திலிருந்து பதிலே வரவில்லை. "பணம் கொடுத்தால் தினமும் ஒலிக்க வைக்கிறேன்" என்று இடையில் ஒருவர் வந்தார், வாசலோடு அனுப்பிவிட்டோம். கடைசியில் கைகொடுத்தது ஒரு சிறிய சமூக வானொலி. பக்திப் பாடல் நேரத்தில், தைப்பூச வாரம் முழுவதும் ஒலித்தது. பண்டிகைக்குச் சில மாதங்கள் முன்பே அனுப்பியிருந்ததால்தான் அது நடந்தது. தைப்பூசம் நெருங்கிய பிறகு அனுப்பினால் அடுத்த ஆண்டுதான்.

ஒலித்த பாட்டுக்குப் பணம் உடனே வந்துவிடாது. நிலையம் தன் ஒலிபரப்புப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், அதில் நம் பாட்டை அடையாளம் காண வேண்டும், பிறகுதான் பகிர்வு. அதனால் ஒலித்த நாள், நேரம், நிகழ்ச்சியின் பெயர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கணக்கில் விடுபட்டால் காட்டுவதற்கு அதுதான் ஆதாரம். எங்களுக்கு வந்த முதல் தொகை, குழுவில் ஆளுக்கொரு பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பும் டர்பன் உணவு) வாங்கச் சரியாகப் போயிற்று. தவில்காரர் விரதத்தில் இருந்ததால் அவருடையதில் மட்டும் கறிக்குப் பதில் பீன்ஸ்.