ஜெர்மனியில் முதல் பத்து வாரம்: கிறிஸ்துமஸுக்கு முன் முடிக்க வேண்டியவை

ஜெர்மனிக்குப் படிக்க வருபவர்களுக்குக் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1-இல் தொடங்கும், வகுப்புகள் அந்த மாத நடுவில். கிறிஸ்துமஸ் வாரம் வந்துவிட்டால் ஜனவரி முதல் வாரம் வரை பல அலுவலகங்களில் வேலை நகராது. இடையில் கிடைப்பது பத்து வாரம்தான். அதில் எதை முதலில் முடிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

முதல் வேலை ஆன்மெல்டுங், அதாவது குடியிருக்கும் முகவரியை நகர அலுவலகத்தில் பதிவது. குடிபோன இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பெரிய ஊர்களில் டெர்மின் (முன்பதிவு நேரம்) கிடைக்கவே அதற்கு மேல் ஆகும். காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் இணையப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தால், யாராவது ரத்து செய்த இடம் மாட்டும். பாஸ்போர்ட்டும் படிவமும் மட்டும் போதாது. வீட்டுக்காரர் கையெழுத்திட்ட 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்' வேண்டும், அதாவது நீங்கள் அங்கே குடிவந்ததற்கான சான்று. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் காகிதம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. உள்வாடகைக்கு அறை எடுப்பவர்கள் சிக்குவது இங்கேதான். அறை தருபவர் பதிவுக்கு ஒத்துக்கொள்வாரா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதிவு முடிந்த கையோடு வங்கிக் கணக்கு. ஷ்பெர்கோன்டோவில், அதாவது விசாவுக்காகப் பணத்தை முடக்கி வைக்கும் கணக்கில், 11,904 யூரோ கட்டியிருந்தாலும், சாதாரணக் கணக்கு திறந்து அதன் எண்ணைக் கொடுத்த பிறகுதான் மாதம் 992 யூரோ விழ ஆரம்பிக்கும். வாடகை முன்பணமோ மூன்று மாத வாடகை வரை போகலாம். அதனால் ஊரிலிருந்து வரும்போதே ஒன்றரை மாதச் செலவுக்கான பணமும் முன்பணமும் தனியாகக் கையில் இருக்கட்டும்.

அடுத்து, யாரும் சொல்லாத ஒரு சின்ன விஷயம்: தபால் பெட்டி. இங்கே தபால்காரர் பார்ப்பது வீட்டு எண்ணோடு பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரையும்தான். பெயர் இல்லையென்றால் வங்கி அட்டை, அதன் ரகசிய எண், வரி எண், காப்பீட்டுக் கடிதம் எல்லாம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். அழைப்பு மணியிலும் பெட்டியிலும், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளிலேயே, ஒரு துண்டுத் தாளை டேப் போட்டு ஒட்டினால் தீர்ந்தது. வரும் கடிதங்களில் பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒளிபரப்புக் கட்டணக் கடிதத்தை விளம்பரம் என்று குப்பையில் போடாதீர்கள். மாதம் 18.36 யூரோ, ஆனால் அது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. பகிர்ந்து இருக்கும் வீட்டில் ஒருவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணை எழுதி அனுப்பினால் போதும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போக டிக்கெட் போடும் முன், விசாவில் முடிவுத் தேதியைப் பாருங்கள். மூன்று மாத விசா டிசம்பரிலோ ஜனவரியிலோ முடிந்துவிடும். தங்கும் அனுமதி அட்டை பெர்லினில் அச்சாகி வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். விசா முடிவதற்குள் விண்ணப்பித்தே ஆக வேண்டும். அட்டை வராவிட்டால் இடைக்காலச் சான்றிதழ் கேட்டு வாங்கலாம். அதில் எந்தப் பிரிவில் குறி போட்டிருக்கிறார்கள் என்பது முக்கியம். குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் 4-ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போய்த் திரும்பி வரலாம், 3-ஆம் உட்பிரிவு என்றால் முடியாது. அப்படியே போனாலும் நேராக ஜெர்மனியில் இறங்கும் விமானமே நல்லது. ஊர் விமான நிலைய கவுண்டரில் இருப்பவர் அந்தக் காகிதத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்.

நவம்பரில் ஹீட்டர் ஓட ஆரம்பித்ததும் பூஞ்சை வரும். நம் சமையலில் ஆவி அதிகம். குக்கர் விசில் நாலு விட்டால் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும். ஜன்னலைச் சாய்த்து நாள் முழுக்க வைப்பதால் பயன் இல்லை, சுவர்தான் குளிரும். ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலை முழுதாக ஐந்து முதல் பத்து நிமிடம் திறந்து மூடுங்கள், தினம் இரண்டு மூன்று முறை. ஹீட்டர் குமிழில் 3 என்பது ஏறக்குறைய 20 டிகிரி. 5-இல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்பது வெறும் நினைப்பு. அலமாரியைச் சுவரில் ஒட்டாமல் ஒரு கையகல இடைவெளி விடுங்கள். பூஞ்சை படர்ந்தால் முன்பணத்தில் கை வைப்பார்கள்.

இதற்கிடையில் தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும் என்பதே பலருக்கு டிசம்பரில்தான் தெரிகிறது. சேர்ந்ததாலேயே தேர்வு எழுதிவிட முடியாது. சில துறைகளில் கடைசித் தேதி நவம்பரிலேயே முடிந்துவிடும். முதல் வாரமே துறை அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

இங்கேயே தங்குபவர்களுக்கு: டிசம்பர் 24 மதியம் 2 மணிக்கெல்லாம் கடைகள் மூடிவிடும், 25, 26 இரண்டு நாளும் திறக்காது. 2026-இல் 27-ஆம் தேதி ஞாயிறு, ஆக மூன்று நாள். மென்சாவும் (பல்கலைக்கழக உணவகம்) மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகள் இருக்கும், விலைதான் அதிகம். அரிசியும் பருப்பும் எப்படியும் வீட்டில் கிடக்கும். தீர்ந்துபோவது பாலும் தயிரும் வெங்காயமும்தான்.