நீல மாத்திரையும் என் சிடி4 கணக்கும்

ஜூன் 3, 2024

ராத்திரி சாப்பிட்டதும் முதல் மாத்திரை போட்டேன். நீளமாக, நீல நிறத்தில், தொண்டையில் சிக்கி இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்தது. ஏப்ரலில் என் கணவருக்கு எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று தெரிந்தது, எனக்கு நெகட்டிவ். அவர் சாப்பிடும் எச்.ஐ.வி. மருந்தான ஏ.ஆர்.டி. வேலை செய்து வைரல் லோட், அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, இறங்கும்வரை எனக்குத் தடுப்பாக டெனோஃபோவிரும் எம்ட்ரிசிட்டபைனும் சேர்ந்த பிரெப், தினமும் ஒன்று. ஆரம்பிப்பதற்கு முன் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் மூன்றும் பார்த்தார்கள். அக்கா மட்டும் விடவில்லை. “நோயே இல்லாத உடம்புல எதுக்குடி இது, இருக்கற தெம்பும் பூடும்” என்றாள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு லேபில் ஒன்பது வருஷமாக ரத்தம் எடுக்கிறவள் நான், எனக்கே அந்தப் பேச்சு உறுத்தியது. யாரும் கேட்காமலே சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் சிடி4 எண்ணிக்கைக்கும், அதாவது எச்.ஐ.வி. தாக்குகிற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்க, ஒரு ஊதா மூடி டியூப் கொடுத்திருந்தேன். 942.

ஜூன் 9, ஞாயிறு

காசிமேட்டிலிருந்து அவர் சங்கரா வாங்கி வந்தார். வாசனைக்கே குமட்டியது. முதல் சில வாரம் இப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதனால் பயமில்லை.

என் யோசனையெல்லாம் செல்லுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதில்தான். வைரஸ் சிடி4 செல்லுக்குள் போனதும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகக் கோர்க்கும். டெனோஃபோவிரும் ஒரு பூ மாதிரி அந்தச் சரத்தில் போய் உட்காரும், ஆனால் அடுத்த பூவைச் சேர்த்துக் கட்ட அதில் நார் கிடையாது, சரம் அங்கேயே நின்றுவிடும். இதற்கு மருந்து முன்கூட்டியே செல்லுக்குள் காத்திருக்க வேண்டும். என் செல்களே அதற்குப் பாஸ்பேட் ஏற்றித் தயார் பண்ணிவைக்கின்றன, அப்படித் தயாரானது பாதியாகக் குறையவே சுமார் 150 மணி நேரம் ஆகும். அப்படியென்றால் வைரஸே இல்லாத என் வெள்ளணுக்களிலும் ராப்பகலாக இந்த மருந்து இருக்கிறது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவும் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்குமே, அதைக் கெடுக்காதா? முன்பு கொடுத்த ஸ்டாவுடின் கெடுத்தது, கன்னம் ஒட்டிப்போகும், கால் எரியும். டெனோஃபோவிரை அந்த மைட்டோகாண்ட்ரியா நொதி அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை. இதைப் படித்த பிறகுதான் தூங்கினேன்.

ஜூலை 4

காலை எட்டரைக்கு மறுபடி ஊதா டியூப். 761. ஒரே மாசத்தில் 181 குறைந்திருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தன்னால்தான் என்று உடைந்துபோவார்.

ஜூலை 6

ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். லிம்போசைட் என்கிற வெள்ளணுக்களில் சிடி4-இன் சதவீதம் போன தடவை 41, இப்போது 40. அதாவது சிடி4 மட்டும் தனியாகச் சாகவில்லை, மொத்த லிம்போசைட்டே அன்றைக்குக் குறைவு. முதல் ரத்தம் சாயங்காலம் எடுத்தது, இது காலையில், அதோடு அந்த வாரம் எனக்கு ஜலதோஷம். சிடி4 பகலில் இறங்கி ராத்திரி ஏறும், யாருக்கும் அப்படித்தான், இதைப் பேஷண்ட்களுக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அதற்காக மருந்து செல்லைத் தொடவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எச்.ஐ.வி. இல்லாதவர்களுக்கு டெனோஃபோவிர் ஜெல்லை மலக்குடலில் வைத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வந்தது. அழற்சியை அடக்கும் ஐ.எல்.-10 போன்ற சில மரபணுக்கள் அந்தத் திசுவில் தணிந்திருந்தன. அது ஒரே இடத்தில் செறிவாகப் பூசியது, நான் விழுங்குவது மாத்திரை, ரெண்டும் ஒன்றில்லை. இன்னொரு பக்கம், கென்யாவிலும் உகாண்டாவிலும் எங்களைப் போல ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 4,700-க்கு மேற்பட்ட தம்பதிகளிடம் நடந்த ஆய்வில் இந்த ரெண்டு மருந்தும் சேர்ந்த மாத்திரை தொற்றை 75 சதவீதம் குறைத்தது. 2012-இல் வெளிவந்தது. இதை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன்.

ராத்திரி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் என் மாத்திரையையும் தண்ணியையும் அவரே எடுத்துவந்து கொடுத்தார்.

செப்டம்பர் 2

அவருடைய வைரல் லோட் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. இன்னும் சில மாசம் நானும் தொடரணும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்று மாச டெஸ்டுக்கு இன்று என் கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள், எச்.ஐ.வி.க்கும் கிரியாட்டினினுக்கும். “சிடி4-உம் போடட்டுமா அக்கா?” என்று பக்கத்து சீட் பெண் கேட்டாள். வேண்டாம்மா என்றேன்.