பறளித் தண்ணீர் ஒரு பாட்டில்

பெரியப்பா இறந்த பிறகு வந்த முதல் தை அமாவாசை. அவருக்கு ஆண்பிள்ளை இல்லை, தர்ப்பணம் நான்தான் கொடுக்க வேண்டும். கன்னியாகுமரிக்குப் போவது என்று முடிவானதும் பெரியம்மை, "முதல் நாளு திருவட்டாறு போயிட்டுப் போவோம் மக்களே, பெருமாளைப் பாத்து நாளாச்சு" என்றார். சரி என்று கிளம்பினோம்.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவிலுக்குப் பதினெட்டுப் படி ஏறிப் போக வேண்டும். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன். 22 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்ட பெருமாள், ஒரே பார்வையில் அடங்க மாட்டார். மூன்று வாசல் வழியாக முகம், நாபி, திருவடி என்று பகுதி பகுதியாகத்தான் பார்க்க முடியும். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில் இங்கே கும்பாபிஷேகம் நடந்தபோது வர முடியவில்லையே என்று பெரியம்மைக்குப் பெரிய குறை. இந்தத் தடவை திருவடி வாசலில் நின்றவர் நகரவே இல்லை, பின்னால் வந்தவர்களும் ஒன்றும் சொல்லாமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

தலபுராணம் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரின் அருமை தெரியும். கேசி என்ற அசுரனை அடக்கி அவன்மேல் பெருமாள் பள்ளிகொண்டார். அவன் மனைவி ஆத்திரத்தில் நதிகளைப் பெருகிவரச் செய்தாள். பூமாதேவி அந்த நிலத்தை உயர்த்திக் கொடுத்தாள், பொங்கிவந்த வெள்ளம் ஊரை மூழ்கடிக்க முடியாமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டு ஓடியது, அதனால்தான் வட்டாறு. தண்ணீர் கொண்டுபோகப் பார்த்து முடியாமல் போன நிலம் இது. கொண்டே போய்விட்ட நிலத்தின் கதை நாங்கள் மறுநாள் போகப்போகிற கரையில் இருக்கிறது.

கோவிலைச் சுற்றி ஓடும் ஆறுகளில் ஒன்று பறளியாறு. பெருஞ்சாணி அணையில் தேங்குவதும், மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழே ஓடுவதும் இந்தப் பறளிதான். இந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும். "பஃறுளி யாற்றுடன் பன்மலை அடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள" என்று, கடல் கொண்டுபோனதாகச் சிலப்பதிகாரம் சொல்கிற பஃறுளி ஆற்றின் பெயர்தான் பறளி என்று இன்றும் இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி நினைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள். பெரியம்மை ஒரு லிட்டர் பாட்டிலில் அதைப் பிடித்து மூடினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அன்று இரவு நாகர்கோவிலில் தங்கி, விடியும் முன்னே கன்னியாகுமரி பஸ் ஏறினோம். வழியில் வழுக்கம்பாறை வந்தபோது பெரியம்மை இருட்டிலேயே கையெடுத்துக் கும்பிட்டார். சுசீந்திரம் கோவிலிலிருந்து கன்னியாகுமரி பகவதி அம்மனுக்கு மாப்பிள்ளையாகப் புறப்பட்ட தாணுமாலயன் சாமி, நாரதர் போட்ட சேவல் குரலைக் கேட்டு விடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிய இடம். பாணாசுரனை ஒரு கன்னிதான் கொல்ல முடியும் என்பதால் அந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது. சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும்தான் கரையில் பல நிறத்து மணலாகக் கிடக்கிறது என்பார்கள். சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட் என்று படித்தவன்தான் நான். ஆனாலும் அந்த மணலைக் கையில் அள்ளும்போது, வராத மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தவளின் வீட்டு அரிசி என்றுதான் முதலில் தோன்றுகிறது.

கடற்கரையில் அவ்வளவு கூட்டம். தர்ப்பைப் பவித்திரம் போட்டு, எள்ளும் தண்ணீரும் விட்டு, பெரியப்பா பெயரைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் வந்த ஒரு கிரேக்க மாலுமியே, குமரி என்ற இடத்தில் மக்கள் வந்து நீராடி நோன்பு இருக்கிறார்கள், முன்பு ஒரு தெய்வமே இங்கு தங்கி நீராடியதாம் என்று தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறான். அதே கடலில், அதே காரியத்துக்கு நாங்களும் இறங்கினோம். முழுகி எழுந்ததும் பெரியம்மை பாட்டிலைத் திறந்து பாதித் தண்ணீரைக் கடலில் விட்டார். "பறளியும் கடைசியில தேங்காப்பட்டணத்துல இங்கதான வந்து சேருது. அவரு குளிச்ச ஆறு, நான் கையோட கொண்டு வந்தேன்," அவ்வளவுதான் சொன்னார்.

இந்தக் கரையில் நின்று தெற்கே பார்க்கும் எவருக்கும் கடல் கொண்டுபோன குமரி நாட்டின் நினைப்பு வராமல் இருக்காது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் எழுநூற்றுக் காவதம் (காவதம் பழைய தூர அளவு) என்று அதற்கு அளவு சொல்லி, ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்குன்ற நாடு, ஏழ்குறும்பனை நாடு என்றெல்லாம் ஏழு ஏழாக நாற்பத்தொன்பது நாடுகளைப் பெயர் சொல்லி எண்ணிக் காட்டுகிறார். ஆஸ்திரேலியா வரைக்கும் ஒரே நிலமாக வரைந்த படங்களை நான் ஏற்கவில்லை. அந்தப் படங்களுக்கு லெமூரியா என்ற பெயர் 1864இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயர் லெமூர் என்ற விலங்குகளுக்காக யூகித்ததிலிருந்து வந்தது, கடலடித் தரையை ஆராய்ந்தவர்கள் அப்படி ஒரு கண்டம் அங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது இந்தக் கரை எங்கோ தெற்கே இருந்தது, இலங்கைக்கு நடந்தே போகலாம். கடல் ஏறியது உண்மை, நிலம் போனதும் உண்மை. நாற்பத்தொன்பது நாட்டையும் நான் அந்த உண்மையின்மேல் நம் ஆட்கள் கட்டிய நினைவுமண்டபமாகத்தான் பார்க்கிறேன், அதனால் அதன்மேல் எனக்கு மரியாதை குறையவில்லை, கூடத்தான் செய்கிறது. குளச்சலுக்குப் பக்கத்தில் குறும்பனை என்றே ஒரு கடற்கரை ஊர் இன்றும் இருக்கிறது. நாகர்கோவிலை அடுத்துத் தெங்கம்புதூர். இந்தப் பெயர்களுக்கும் அந்தப் பட்டியலுக்கும் என்ன உறவு என்று யாரும் சாதித்துக் காட்ட வேண்டாம், பஸ் பலகையில் வாசிக்கும்போது ஏதோ செய்கிறது.

ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு படியில் உட்கார்ந்திருந்தபோது சங்குமாலை விற்கிற ஒரு அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெரியம்மை வழக்கம்போல, "எந்த ஊரு மக்களே?" என்று ஆரம்பித்தார்.

"மணக்குடி அம்மா. இப்போ சுனாமி காலனியில இருக்கோம். இருபது வருசம் ஆச்சு, ஆனாலும் யாரு கேட்டாலும் மணக்குடின்னுதான் வாயில வரும்."

2004 டிசம்பர் 26 அன்று மணக்குடிப் பாலத்தையே கடல் தூக்கிக்கொண்டு போனது எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கடல்கோள் என்பது இங்கே உள்ளவர்களுக்குப் பழைய புத்தகத்துச் சொல் மட்டும் இல்லை. பெரியம்மை அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் இரண்டு மாலை வாங்கினார், விலை பேசவில்லை.

தை அமாவாசை மாதிரி வருடத்தில் சில விசேஷ நாட்களில் மட்டும்தான் பகவதி அம்மனின் கிழக்கு வாசலைத் திறப்பார்கள், மற்ற நாளெல்லாம் வடக்கு வாசல்தான். மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கென்று நம்பிக் கப்பல்கள் பாறையில் மோதியதால் அடைத்துவிட்டார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். வரிசை மெல்ல நகர்ந்தது. கர்ப்பகிரகத்துக்கு முன் நின்றபோது கையில் ஜபமாலையோடு அம்மன், விளக்கொளியில் மூக்குத்தி ஒரு துளியாக மின்னியது. அடைத்துக் கிடந்த வாசல் திறந்திருக்கிறது, அவளுக்கு நேர் எதிரே கடல். எத்தனை கரை பின்வாங்கியதோ, எந்த ராஜா எங்கே போனானோ, இவள் இடம் பெயரவில்லை. நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை, பெரியப்பா பெயரை மட்டும் இன்னொரு தடவை மனதுக்குள் சொன்னேன்.

வெளியே வந்ததும் பெரியம்மை சந்தனத்தை என் நெற்றியில் வைத்துவிட்டு, "வடசேரி பஸ் எப்போ?" என்றார். பாதிப் பறளித் தண்ணீர் மீதியிருந்த பாட்டிலை ஊர்வரை மடியில்தான் வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா வைத்த தென்னையின் மூட்டில் அதை ஊற்றினார்.