பார்னம் டொக்காட்டாவுக்கு ஸ்கின்னர் ஆர்கன்: ஸ்டாப் அமைப்பு இதுவரை

ஆர்கன் கலைஞர் லின்வுட் பார்னமின் (1885–1930) ‘ஓ ஃபிலி’ டொக்காட்டா (வேகமான கீபோர்டு இசை). மெட்டு பழைய பிரெஞ்சு ஈஸ்டர் பாடல், எழுதிய விதம் பாரிஸ் பாணி. அதை கிராண்ட்ஆர்க் என்ற கணினி ஆர்கன் மென்பொருளில், பாஸ்டனில் ஆர்கன் கட்டிய ஸ்கின்னர் வகைக் குழாய் ஒலிகளோடு வாசிக்க வைக்கும் வேலை இது. அக்காலத்து அமெரிக்க ஆர்கன் இசையில் பாதிக்கு இதே சிக்கல்தான். பிரெஞ்சு ஆர்கன் கலைஞர் கில்மான் 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் 40 கச்சேரி செய்தார். 1921-இல் இன்னொரு பிரெஞ்சுக் கலைஞர் துப்ரே வந்தார். இசை பிரெஞ்சாகிவிட்டது, கருவி ஆகவில்லை. (பாரிஸ் இசையமைப்பாளர் வியர்ன் தன் 6-ஆம் சிம்பொனியைப் பார்னமின் நினைவுக்கே அர்ப்பணித்தார்.)

முதலில் கீபோர்டு வரிசை. பிரான்ஸில் கவாயே-கோல் கட்டிய பெரிய ஆர்கன்களில் முதன்மைக் கீபோர்டு அடியில், துணையான பொசிட்டிஃப் நடுவில், ரெசி (திறந்து மூடும் பெட்டிக்குள் உள்ள குழாய்களுக்கானது) மேலே. அமெரிக்காவில் அடியில் கொயர் (பொசிட்டிஃப் போல), நடுவில் கிரேட் (முதன்மை), மேலே ஸ்வெல் (ரெசி போல). பாரிஸ் இசைக்கு அடிக் கீபோர்டின் மிடி சேனலை கிரேட்டுக்கும், நடுவிலுள்ளதைக் கொயருக்கும் மாற்றினால் போதும். அமெரிக்கப் பதிப்புகளில் மாற்ற வேண்டாம், மாற்றினால் கை முட்டும்.

அடுத்து 8 அடி ஸ்டாப்கள். ஸ்டாப் என்பது ஒரு குழாய் வரிசையை இயக்கும் குமிழ்; 8 அடி என்றால் கட்டையின் இயல்பான சுருதி, 4 அடி ஒரு ஸ்தாயி மேலே, 32 அடி இரண்டு ஸ்தாயி கீழே. ‘8 அடி எல்லாம்’ என்றிருந்தால் அப்படியே இழுத்துவிடக் கூடாது. கிரேட்டில் இரண்டு மூன்று டயபேசன் (ஆர்கனின் அடிப்படை ஒலி) இருக்கும். சேர்ந்தால் ஒலி கூழாகிவிடும். முதல் டயபேசனை விட்டு, இரண்டாவது, ஒரு ஃப்ளூட், ஒரு காம்பா (தந்தி போன்ற ஒலி), கூடவே ஸ்வெல்லையும் கிரேட்டில் ஒலிக்கவைக்கும் கப்ளர். செலஸ்ட் கூடவே கூடாது, சுருதி அலைகிறது.

தலைவலி ரீட்தான், அதாவது நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் டிரம்பெட் வகைக் குழாய்கள். பிரெஞ்சு பாணி ஏற்றத்தில் ரெசியின் ரீட்கள் ஆரம்பத்திலேயே ஒலிக்கும், மூடிய பெட்டிக்குள். பெட்டி திறக்கத் திறக்கத் தீப்பொறி பறக்கும். ஸ்கின்னரின் ஸ்வெல் ரீட்டான கார்னோபியன் உருண்டையான, இருண்ட ஒலி. பெட்டியைத் திறந்தால் சத்தம் கூடுகிறதே தவிர பளிச்சிடவில்லை. அதைப் பின்னுக்குத் தள்ளி ஓபோ, 4 அடி கிளாரியன், மிக்ஸ்சர் (பல உயர் சுருதிக் குழாய்கள் சேர்ந்த ஸ்டாப்) மூன்றையும் முன்னால் வைத்தால் சரியாக வருகிறது. ஸ்வெல்-கிரேட் 4 அடி கப்ளரும் உதவும். ஆனால் ஸ்வெல்லில் 61 குழாய்தான் என்றால் 49-ஆம் கட்டைக்கு மேல் கப்ளருக்குக் குழாயே இல்லை, உச்சி மெலிந்துவிடும். ஸ்கின்னர் பல வரிசைகளுக்கு 73 குழாய் வைத்தது இதற்காகத்தான். ஒலித் தொகுப்பில் அவை இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவும்.

ஸ்டாப்களை வரிசையாகச் சேர்க்கும் கிரசெண்டோ பெடலைத் தொடவே இல்லை. அது ஃப்ளூட், தந்தி, டயபேசன், கடைசியில் ரீட் என்று அடுக்கும்; நமக்கோ ரீட் ஆரம்பத்திலேயே வேண்டும். காற்றைத் திறந்து ரீட் கூட்டத்தை மொத்தமாகச் சேர்க்கும் பிரெஞ்சுக் கால்மிதிக்குப் பதில் நான்கு பிஸ்டன் (ஸ்டாப் தொகுப்பை ஒரே அழுத்தில் மாற்றும் பொத்தான்): 1. 8 அடி ஸ்டாப்களும் ஸ்வெல் ரீட்களும், பெட்டி மூடி; 2. மிக்ஸ்சர்கள், 3. பெடல் ரீட், 4. கிரேட் ரீட். இறக்கத்துக்கு அதே நான்கும் தலைகீழாக.

ஸ்வெல் பெட்டியைத் திறந்து மூடும் மிதிக்கு மிடி கட்டுப்பாட்டு எண் (சிசி) 11. மென்பொருள் ஒலியளவை மட்டும் குறைத்தால், மூடிய பெட்டி தொலைவில் ஒலிக்கும் சின்ன டிரம்பெட் போல இருக்கிறது. நிஜ மரப்பெட்டி உயர் ஸ்வரப் பகுதிகளையும் விழுங்கும். கீழ் எல்லையை 25-க்குக் கீழே கொண்டுபோகாமல், மிக்ஸ்சரைப் பிஸ்டன் 2 வரை நிறுத்திவைத்தால் குறை தெரிவதில்லை.

வேகப் பகுதியில் ஒலிவால்கள் வெட்டுப்பட்டால் அது பாலிஃபனி (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஒலிகளின் எண்ணிக்கை) வரம்பு. 6 கட்டை, 20 ஸ்டாப் என்றாலே 120 குழாய். விட்ட கட்டைகளின் எதிரொலி தனி. ஒலிகளை 16 பிட்டில் ஏற்றியதும் நினைவகம் இளகியது. பிராசசர் தாங்கும்வரை வரம்பைக் கூட்டியதும் வெட்டு நின்றது. பெடல் 32 அடி மட்டும் இன்னும் ஸ்பீக்கரில் முழுசாக வரவில்லை.